கல் நின்றது, பயன் மாறியது: இரு ஸ்காட்லாந்துத் தேவாலயங்களின் வரலாறு

நாம் வாழும் தம்போய் வட்டாரத்தில் 1937ஆம் ஆண்டு மனநோயாளருக்கென ஒரு பெரிய மருத்துவமனை திறக்கப்பட்டது. நான்கே ஆண்டுகளில் போர் மேகம் சூழ்ந்தது. 1941 நவம்பரில் ஆஸ்திரேலியப் படையின் 13ஆவது பொது மருத்துவமனை அவ்வளாகத்தில் வந்து இயங்கியது. 1942 சனவரியில் சப்பானியப் படை நெருங்கியபோது அம்மருத்துவப் பிரிவு மீண்டும் சிங்கப்பூருக்குப் பெயர்ந்தது. இன்று அவ்வளாகம் பெர்மாய் மருத்துவமனையாக விளங்குகிறது. நம் கண்முன் நிற்கும் சுவர்களுக்குள் இத்துணை வரலாறு அடங்கியிருக்க, அவ்வழியே நாள்தோறும் செல்வோருள் எத்தனை பேர் அதனை அறிவர்?

கட்டடம் ஒரு நோக்கத்துக்காக எழுப்பப்படுகிறது. காலம் அதனை வேறொரு நோக்கத்துக்குத் திருப்புகிறது. இத்திருப்பத்தை 'மறுபயன்பாடு' எனக் கட்டடக் கலையறிஞர் குறிப்பிடுவர். இப்பொருளை ஆராய உலகில் மிகப் பொருத்தமான களம் ஸ்காட்லாந்து. அந்நாட்டில் தேவாலயமாகக் கட்டப்பட்டு, பின்னர் அரங்கமாகவும் குடியிருப்பாகவும் பிற சமயத்தாரின் வழிபாட்டிடமாகவும் மாறிய கட்டடங்கள் பல உள. அவ்வரலாற்றின் ஓர் இழை சென்னை எழும்பூர் வரை நீண்டு வந்துள்ளது. மற்றோர் இழை, கூலிகளாய்க் கப்பலேறிய இந்தியரின் வரலாற்றோடு பிணைந்துள்ளது. இவ்விரண்டையும் இக்கட்டுரையில் நாம் காண்போம். அவற்றின் துணையோடு நம் தோட்டக் கோயில்களையும் தமிழ்ப்பள்ளிகளையும் பற்றிச் சிந்திப்போம்.

எழும்பூரில் எழுந்த கிர்க்

'கிர்க்' என்பது தேவாலயத்தைக் குறிக்கும் ஸ்காட்லாந்துச் சொல். சென்னை எழும்பூரில் பூந்தமல்லி நெடுஞ்சாலையை அடுத்து நிற்கும் புனித ஆண்ட்ரூ தேவாலயத்தை மக்கள் இன்றும் அச்சொல்லாலேயே அழைக்கின்றனர்.

1813ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கும்பினியின் உரிமைச் சாசனம் புதுப்பிக்கப்பட்டதையடுத்து, கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று தலைநகர்களுக்கும் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் குருமார் அமர்த்தப்பட்டனர். கும்பினியின் படையிலும் வணிகத்திலும் ஸ்காட்லாந்தினர் மிகுதியாக இருந்தமையே இதற்குக் காரணம். குரு வந்தபின் தேவாலயம் வேண்டுமல்லவா? சென்னையில் 1818 ஏப்ரல் 6ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டு, 1821 பிப்ரவரி 25ஆம் நாள் தேவாலயம் திறக்கப்பட்டது. பணியை ஏற்றவர் சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த மேஜர் தாமஸ் ஃபியோட் தெ ஹாவிலண்டு. இவர் ஸ்காட்லாந்தினர் அல்லர். ஆங்கிலக் கால்வாயிலுள்ள குயர்ன்சித் தீவில் பிறந்தவர். சீரங்கப்பட்டணத்தில் மிக அகன்ற செங்கல் வளைவு ஒன்றை எழுப்பிக் காட்டித் தம் துணிவை முன்னரே மெய்ப்பித்திருந்தார்.

தெ ஹாவிலண்டு மேற்கொண்ட வடிவத்துக்கும் ஒரு முன்வரலாறு உண்டு. ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரை ஒட்டிப் பிறந்து, உரோமையில் கட்டடக் கலை பயின்ற ஜேம்ஸ் கிப்ஸ் என்பார், இலண்டனின் 'செயிண்ட் மார்ட்டின் இன் தி ஃபீல்ட்ஸ்' தேவாலயத்துக்கு முதலில் ஒரு வட்ட வடிவத்தை வரைந்து கொடுத்தார். செலவு மிகும் என்று அது தள்ளப்பட்டது. 1722 முதல் 1726 வரை நீள்சதுர வடிவிலேயே அத்தேவாலயம் கட்டப்பட்டது. ஆயினும் கிப்ஸ் மனந்தளரவில்லை. 1728இல் தாம் வெளியிட்ட கட்டடக் கலை நூலில் அவ்வட்ட வடிவத்தையும் சேர்த்து அச்சிட்டார். இலண்டனில் தாளோடு நின்ற அக்கருத்து, ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின் சென்னையில் உருப்பெற்றது. எழுதி வைக்கப்பட்ட ஒன்று எங்கே, எக்காலத்தில் உயிர் பெறும் என்று யாராலும் சொல்ல இயலாது.

தேவாலயத்தின் உடற்பகுதி 81.5 அடி விட்டமுள்ள ஒரு வட்டம். அதன் கிழக்கிலும் மேற்கிலும் நீள்சதுரப் பகுதிகள் இணைந்துள்ளன. உள்ளே 16 கொரிந்தியத் தூண்கள் 51.5 அடி விட்டமுள்ள குவிமாடத்தைத் தாங்குகின்றன. குவிமாடத்தின் உட்புறம் கருநீல வானமெனத் தீட்டப்பட்டு, அதில் பொன்னிற விண்மீன்கள் பொறிக்கப்பட்டுள்ளன. முகப்பில் அயோனியத் தூண்கள் வரிசையாய் நிற்க, அவற்றுக்குப் பின்னே 166.5 அடி உயரத்துக்குக் கூர்ங்கோபுரம் எழுகிறது.

வட்ட அமைப்பு ஸ்காட்லாந்துத் திருச்சபையின் வழிபாட்டுக்கு இசைந்தது. அச்சபையில் பலிபீடத்தைவிட மறையுரை மேடைக்கே முதன்மை. மக்கள் கூடி அமர்ந்து உரையைக் கேட்பதே வழிபாட்டின் நடு. எனவே உரையாற்றுவோரைச் சூழ்ந்து அமர ஏற்ற வடிவங்களை அத்திருச்சபையார் விரும்பினர். எடின்பரோவில் 1784இல் கட்டப்பட்ட புனித ஆண்ட்ரூ தேவாலயம் நீள்வட்ட வடிவில் அமைந்திருப்பதும் இக்கருத்தோடு பொருந்துகிறது.

மண்ணுக்கு அடியில் இருந்த கலை

வடிவம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. ஆனால் அதனை எழும்பூரில் நிற்க வைத்தது எது? அந்நிலம் இளகிய ஈரநிலம். கூவம் ஆறு அணித்தே ஓடுவது. வழக்கமான அடித்தளம் இட்டால் இத்துணைப் பெரிய செங்கற்சுமை அமிழ்ந்துவிடும். தெ ஹாவிலண்டு நூற்றுக்கு மேற்பட்ட வட்டக் கிணறுகளை இறக்கி, அவற்றின் மேல் தேவாலயத்தை நிறுத்தினார். அக்கிணறுகளின் ஆழம் இடத்துக்கேற்ப 14 அடி முதல் 50 அடி வரை வேறுபட்டது.

கிணறு இறக்கும் வேலையின் இயல்பை மாணவர் அறிவது நன்று. முதலில் தரையில் ஒரு வளையத்தை வைத்து அதன்மேல் வட்டச் சுவர் கட்டுவர். பின்னர் உள்ளிருந்து மண்ணைத் தோண்டி எடுப்பர். சுவர் தன் எடையாலேயே கீழிறங்கும். இறங்க இறங்க மேலே கட்டிக்கொண்டே வருவர். உறுதியான மண் தட்டுப்பட்டதும் உள்ளிடத்தைக் கல்லும் சுண்ணாம்பும் இட்டு இறுக்குவர். இவ்வேலையில் ஒரு பக்கம் மிகுதியாகத் தோண்டினாலும் கிணறு சாய்ந்துவிடும். ஊற்று நீரில் நின்றுகொண்டு, மண்ணின் மாற்றத்தைக் கால் விரலால் உணர்ந்து செய்ய வேண்டிய பணி அது.

இத்திறன் தமிழகத்துக்குப் புதிதன்று. சுடுமண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அமைக்கும் உறைகிணறுகள் அரிக்கமேட்டிலும் கீழடியிலும் அகழ்வாய்வில் வெளிப்பட்டுள்ளன. ஆற்று மணலிலும் கடற்கரை மணலிலும் கிணறு இறக்கிப் பழகிய கைகளே எழும்பூரிலும் வேலை செய்தன என்று கொள்வதில் பிழையில்லை.

மேலே நோக்கினாலும் இதே நிலைதான். குவிமாடம் செங்கல் வேலைப்பாட்டால் ஆனது. அதன் இடைவெளிகள் கூம்பு வடிவ மட்கலங்களால் நிரப்பப்பட்டன. உள்ளீடற்ற மட்கலம் இடத்தை நிரப்பும், சுமையைக் கூட்டாது. கரையான் மரத்தை அரித்துவிடும் நாட்டில் இத்தகைய கூரை காலத்தை வெல்லும். சுவர்ப்பூச்சுக்குச் சென்னைச் சுண்ணச்சாந்து பேர்பெற்றது. கடற்சிப்பிகளைச் சுட்டு நீற்றி, நன்கு அரைத்து, பல படலங்களாகப் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினால் அது பளிங்கென ஒளிரும். அக்காலத்தில் சென்னைக்கு வந்த ஐரோப்பியர் பலர் அதனைப் பளிங்கென்றே மயங்கியதுண்டு.

வரைபடம் கிப்ஸுடையது. மேற்பார்வை தெ ஹாவிலண்டினுடையது. இவ்விருவர் பெயர்களும் நூல்களில் உள. கிணறு இறக்கியோர், சூளை வைத்தோர், மட்கலம் வனைந்தோர், சாந்து அரைத்த பெண்கள் ஆகியோரின் பெயர்களைச் சொல்வார் இலர். ஆயினும் அவர்கள் இறக்கிய கிணறுகளின் மேல் அத்தேவாலயம் 200 ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது.

அங்கே கூடுவோரும் மாறிவிட்டனர். கும்பினி அதிகாரிகளுக்கென எழுந்த அக்கட்டடம், தென்னிந்தியத் திருச்சபை 1947இல் தோன்றிய பின்னர் அச்சபையில் இணைந்து, இன்று இந்தியக் கிறித்தவர்களின் ஆலயமாக விளங்குகிறது. பெயரும் சமயமும் மாறவில்லை; உரியவர் மாறினர். இதுவும் மறுபயன்பாட்டின் ஒரு வகையே.

தேவாலயங்கள் மிகுந்துபோன கதை

இனி ஸ்காட்லாந்துக்குச் செல்வோம். அங்கே இத்துணைத் தேவாலயங்கள் வழிபாட்டுக்கு வேண்டாதவையாய்ப் போனது எவ்வாறு? இதற்கு விடை 1843 மே 18ஆம் நாளில் இருக்கிறது. குருமாரை அமர்த்தும் உரிமை நிலக்கிழாருக்கா, சபை மக்களுக்கா என்னும் வழக்கு முற்றி, அன்று எடின்பரோவின் புனித ஆண்ட்ரூ தேவாலயத்தில் கூடிய பேரவையிலிருந்து குருமார் பலர் வெளியேறினர். நாம் மேலே கண்ட நீள்வட்டத் தேவாலயமே அது. வெளியேறியோர் சுதந்திரத் திருச்சபையை நிறுவினர். தேவாலயமும் இல்லமும் ஊதியமும் துறந்து வந்த அவர்களுக்கு மக்கள் பொருள் வழங்க, சில ஆண்டுகளுக்குள் நூற்றுக்கணக்கான புதுத் தேவாலயங்கள் நாடெங்கும் எழுந்தன. ஓர் ஊரில் ஒன்று இருந்த இடத்தில் இரண்டாயின. சில இடங்களில் மூன்றும் ஆயின.

இப்பிளவின் அலை சென்னையையும் தொட்டது. 1837இல் சென்னையில் பள்ளி தொடங்கிய ஜான் ஆண்டர்சன் சுதந்திரத் திருச்சபையின் பக்கம் சேர்ந்தார். அவருடைய பள்ளியே பின்னர்ச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது. தமிழைச் செம்மொழி என முழங்கிய பரிதிமாற் கலைஞர் தமிழ்ப் பணியாற்றிய கல்லூரி அதுவே என்பதைத் தமிழாசிரியர் நன்கறிவர்.

1929இல் பிரிந்த சபைகளுள் பெரும்பகுதி மீண்டும் ஒன்றாயிற்று. சபை ஒன்றானது; கட்டடங்கள் ஒன்றாகவில்லை. ஒரே தெருவில் ஒரே சபைக்கு இரு தேவாலயங்கள் இருந்தன. பின்னர் வழிபாட்டுக்கு வருவோரும் குறைந்தனர். கூரையைப் பழுதுபார்க்கவும் கோபுரத்தைக் காக்கவும் பொருள் போதவில்லை. இடிப்பதா, விற்பதா, வேறு பயனுக்குத் திருப்புவதா என்னும் வினா ஊர்தோறும் எழுந்தது.

எடின்பரோ அரண்மனைக் கோட்டைக்கு அருகே ஜேம்ஸ் கில்லஸ்பி கிரகாம், அகஸ்டஸ் பியூஜின் ஆகிய இருவரும் வடிவமைத்த, 1845இல் நிறைவுற்ற தேவாலயம், 1999 முதல் 'தி ஹப்' என்னும் பெயரில் அந்நகரின் கலைவிழாவுக்குத் தலைமையிடமாயிற்று. கிளாஸ்கோவின் கெல்வின்சைடு தேவாலயம் 2004இல் 'ஓரன் மோர்' என்னும் கலைக்கூடமாயிற்று. அதன் மேற்கூரையில் எழுத்தாளரும் ஓவியருமான அலாஸ்டர் கிரே விண்வெளியைத் தீட்டினார். எல்லாக் கட்டடங்களுக்கும் இப்பேறு வாய்க்கவில்லை. அலெக்சாண்டர் தாம்சன் கிளாஸ்கோவில் எழுப்பிய கலிடோனியா சாலைத் தேவாலயம் 1965இல் தீக்கிரையாகி, இன்றும் சுவர்களாய் மட்டும் நிற்கிறது. பயனற்றுப் பூட்டிய கட்டடம் நெடுநாள் பிழைப்பதில்லை என்பதற்கு அது சான்று.

லீத் துறைமுகத்துக் குருத்துவாரா

இம்மாற்றங்களுள் நம் நெஞ்சைத் தொடுவது எடின்பரோவின் துறைமுகமான லீத்தில் உள்ளது. அங்கே ஜான் ஹென்டர்சன் என்னும் கட்டடக் கலைஞரின் வடிவமைப்பில் 1840 முதல் 1843 வரை கோத்திக் பாணியில் புனித தாமஸ் தேவாலயம் எழுந்தது. அதனோடு குருவின் இல்லமும், பள்ளியும், தீரா நோயுற்ற பெண்களுக்கான காப்பகமும் சேர்ந்திருந்தன. இவற்றைத் தம் செல்வத்தால் எழுப்பியவர் அவ்வூரில் 1764இல் பிறந்த சர் ஜான் கிளாட்ஸ்டன். பின்னாளில் பிரித்தானியத் தலைமையமைச்சரான வில்லியம் கிளாட்ஸ்டனின் தந்தையார்.

அச்செல்வம் எங்கிருந்து வந்தது? கிளாட்ஸ்டன் லிவர்பூலின் பெருவணிகர். தென்னமெரிக்காவின் டெமராராவிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் அவருக்குக் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. அங்கே அடிமைகள் உழைத்தனர். அடிமை முறை ஒழிக்கப்பட்டபோது, 2,500க்கும் மேற்பட்ட அடிமைகளை இழந்ததற்காக அவருக்கு 106,000 பவுனுக்கு மேல் இழப்பீடு வழங்கப்பட்டது. விடுதலை பெற்றோர்க்கோ ஒரு காசும் இல்லை.

அடிமைகள் போனபின் தோட்டத்தில் யார் உழைப்பது? 1836 சனவரியில் கிளாட்ஸ்டன் கல்கத்தாவிலிருந்த ஒரு வணிக நிறுவனத்துக்குக் கடிதம் எழுதி இந்தியத் தொழிலாளரை அனுப்பக் கேட்டார். 1838 மே 5ஆம் நாள் விட்பி, ஹெஸ்பரஸ் என்னும் இரு கப்பல்கள் அம்மக்களைப் பிரித்தானியக் கயானாவில் இறக்கின. உயிருடன் கரையேறியோர் 396 பேர். ஒப்பந்தக் கூலி முறையில் அந்நாட்டுக்குச் சென்ற முதல் இந்தியர் இவர்கள். அவர்கள் பட்ட அடியும் இழிவும் இலண்டனில் கண்டனத்தை எழுப்பின. அம்முறை சில ஆண்டுகள் நிறுத்தப்பட்டு மீண்டும் தொடங்கப்பட்டது. இதே முறையில்தான் தமிழ்நாட்டிலிருந்தும் ஆயிரமாயிரம் பேர் மலாயாவின் கரும்பு, காப்பி, இரப்பர்த் தோட்டங்களுக்குக் கப்பலேறினர். மலாயாவில் 1910இல் ஒப்பந்த முறை ஒழிந்து, கங்காணி முறை தொடர்ந்தது. நம் முன்னோர் கதையின் முதற்பக்கங்களில் கிளாட்ஸ்டனின் அக்கடிதமும் ஒன்று.

லீத்தின் சபைகள் இணைந்தபின் புனித தாமஸ் தேவாலயம் வழிபாட்டுக்கு வேண்டாததாயிற்று. 1976இல் அதனை எடின்பரோவின் சீக்கியர் வாங்கினர். இன்று அது குருநானக் குருத்துவாரா. கோத்திக் கூர்வளைவுகளின் கீழ் குரு கிரந்த சாகிபு ஓதப்படுகிறது. வருவோர் எவராயினும் ஒரே தரையில் அமர்ந்து உண்ணும் லங்கர் நடைபெறுகிறது. காவலராகவும் வணிகராகவும் நம் நாட்டுக்கு வந்த சீக்கியரின் குருத்துவாராக்களில் இவ்விருந்தோம்பலை நாமும் கண்டிருக்கிறோம்.

லீத்தின் சீக்கியர் கயானாவுக்குச் சென்றோரின் வழித்தோன்றல்கள் அல்லர். பஞ்சாபிலிருந்து வந்து குடியேறியவர்கள். இதனை மறந்து உணர்ச்சி மேலீட்டால் இரு கதைகளையும் ஒன்றாக்குதல் வரலாற்றுக்கு அடாது. எனினும், இந்தியரைக் கூலிகளாக மட்டுமே எண்ணியவரின் பொருளால் எழுந்த கட்டடத்தில் இந்தியர் தம் சமயத்தோடும் மொழியோடும் தலைநிமிர்ந்து அமர்ந்திருக்கும் காட்சி, சிந்தித்தற்குரியது. 2018 ஆகஸ்டில் அதன் வாயிலில் ஒருவன் தீ வைத்தான். கட்டடம் பிழைத்தது, வழிபாடும் தொடர்ந்தது.

நமக்கு உரிய பாடம்

எழும்பூரிலும் லீத்திலும் கல் நிலைத்தது. உரியவரோ பயனோ மாறியது. ஆகவே அங்கே வரலாற்றை ஆராய விரும்புவோருக்குச் சுவரே சான்றாக நிற்கிறது. நம் நாட்டில் நிகழ்ந்தது பெரும்பாலும் இதன் மறுதலை. தோட்டத் துண்டாடலாலும், இரப்பர் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் விட்டதாலும் மக்கள் பெயர்ந்தனர். 1957இல் எண்ணூற்றுக்கு மேல் இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஐந்நூற்றுச் சொச்சமாகக் குறைந்துள்ளன. எஞ்சியவற்றுள்ளும் சில, தோட்டத்தை விட்டு நகர்ப்புறத்துக்கு உரிமத்தோடு பெயர்ந்தவை. அங்கே பெயர் பயணம் செய்தது, சுவர் மறைந்தது. தோட்டக் கோயில்களுக்கும் இதுவே நேர்ந்தது. தெய்வம் புதிய இடத்துக்கு எழுந்தருளியது. பலகையாலும் தகரத்தாலும் முன்னோர் எழுப்பிய பழைய கோயில் நினைவாயிற்று.

பெயர்வது தவறென்று நாம் கூறவில்லை. பிள்ளைகள் இல்லாத தோட்டத்தில் பள்ளியை வைத்துக் காத்தல் இயலாது. புதிய இடத்தில் நல்ல வகுப்பறை கிடைத்தது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் சுவர் போகும்போது, சுவர் சொல்லியிருக்கக்கூடிய செய்திகளை எழுத்தில் ஏற்றி வைக்கும் பொறுப்பு நம்முடையதாகிறது. கிப்ஸின் வட்ட வடிவம் இலண்டனில் கட்டப்படாமலே போயிற்று. நூலில் இருந்தமையால் சென்னையில் எழுந்தது. எழும்பூரில் கிணறு இறக்கியோர் எழுதப்படவில்லை. அவர்கள் பெயரைச் சொல்ல இன்று நமக்கு வழியில்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வேற்றுமை ஏட்டில் ஏறியதும் ஏறாததுமே.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோளோடு இக்கட்டுரையை முடிக்கிறோம். பள்ளி விடுமுறையில் ஒவ்வொரு மாணவரும் தம் வட்டாரத்திலுள்ள ஒரு பழைய கட்டடத்தைத் தேர்ந்துகொள்ளட்டும். கோயிலோ, பள்ளியோ, லயமோ, பால் நிறுத்த கொட்டகையோ எதுவாயினும் ஆகலாம். அதன் நீள அகலங்களை அளக்கட்டும். எதனால் கட்டப்பட்டது, அப்பொருள் எங்கிருந்து வந்தது, யாருடைய பணத்தால் எழுந்தது, யாருடைய கைகள் எழுப்பின, முதலில் எதற்குப் பயன்பட்டது, இன்று எதற்குப் பயன்படுகிறது என ஆறு வினாக்களுக்கு விடை தேடட்டும். விடை அறிந்த தாத்தாக்களும் பாட்டிகளும் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்கள் சொல்வதை அவர்கள் பெயரோடும் நாளோடும் குறித்து வைக்கட்டும். எழும்பூரின் கிணறு வெட்டியோர்க்கு நாம் செய்ய இயலாததை, நம் தோட்டத்துக் கொத்தருக்கும் தச்சருக்கும் இன்றே செய்யலாம்.